எங்கள் வீட்டு வரிசை

என் வீட்டுக்காரரை அரசியலுக்கு இழுத்துக்கொண்டு போனது குழாய்தான். கட்சிக்காரர்கள் அப்புறம் வந்தார்கள்.

தாராவியில் எங்கள் பட்டறை இருந்தது. பழைய பித்தளையை வாங்கி உருக்கி, மண் அச்சில் ஊற்றி, கடைசல் பிடித்து, தண்ணீர்க் குழாயின் திருகு மூக்கைச் செய்கிற பட்டறை. கீழே உலை, மேலே ஏணி வைத்து ஏறினால் எங்கள் கோலி. பம்பாயில் ஒற்றை அறைக்கு அதுதான் பெயர். வெயில் காலத்தில் அந்த அறையின் பலகைத் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அறுபதுகளின் ஆரம்பம் வரை பத்துப் பன்னிரண்டு வருஷம் அங்கேதான் குடித்தனம் நடத்தினோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

செய்து முடித்த குழாய் ஒழுகுமா என்று பார்க்க எந்திரம் எதுவும் கிடையாது. திருகை இறுக மூடி, பின்பக்கத்து வாயை நம் வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். நாக்கைக் கவ்விப் பிடித்தால் நல்ல குழாய். விட்டுவிட்டால் ஒழுகல், மறுபடியும் கடைசலுக்குப் போகும். மத்தியானச் சமையல் முடிந்ததும் அது என் வேலை. என்ன குழம்பு வைத்தாலும் எனக்குப் பித்தளை ருசிதான் தெரியும்.

“ஒன் வாய்க்குப் பயந்துதாம்ட்டி நம்ம குழாய் ஒண்ணுகூட ஒழுக மாட்டேங்குது” என்பார் அவர். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. பேசினால் இப்படி ஒன்று சொல்லிவிட்டு உலைப் பக்கம் போய்விடுவார்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். குழாய் செய்கிற எங்கள் வீட்டில் குழாய் கிடையாது. சந்து முனையில் முனிசிபாலிட்டி குழாய் ஒன்றுதான், பின்சந்துக்கும் சேர்த்து எல்லோருக்கும். விடிகிற நேரத்தில் தண்ணீர் விடுவார்கள், இரண்டு மணி நேரத்தில் நின்றுவிடும். அந்த வரிசைக்குச் சில சட்டங்கள் இருந்தன. ஆள் நிற்க வேண்டாம், குடத்தை வைத்தால் போதும், குடம் நம்பர் பிடித்துவிடும். பிறத்தியார் குடத்தைத் தாண்டித் தன் குடத்தை வைத்தவளின் குடம் பறந்து சாக்கடையில் விழும். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரிக்கும் மட்டும் விலக்கு உண்டு. மற்றபடி தாயே வந்து நின்றாலும் நம்பர் என்றால் நம்பர்தான்.

எனக்கு அடுத்த குடம் பெரும்பாலும் பின்சந்துக்காரி ஒருத்தியுடையது. எங்கள் ஊர்ப் பக்கத்தவள்தான், முறுக்கு சுடுகிற வீட்டில் மாவு பிசையப் போவாள். அவளுக்கு ஒரே பெண் குழந்தை. வேலைக்குப் போகும்போது அதை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். அது என் மடியில் தூங்கி, என் தட்டில் தின்று வளர்ந்தது. அதற்காக நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டதெல்லாம் இல்லை. வரிசையில் சண்டை போடவே நேரம் சரியாக இருந்தது.

“ஏட்டி, நேத்து ஒங்க வீட்டுல என்ன சண்ட? சந்து பூரா கேட்டுச்சு” என்பாள்.

“சண்டையா? ஒழுகுத குழாயப் பத்திப் பேசிட்டு இருந்தோம்ளா.”

“நீ பேசுத பேச்சுக்கு ஒழுகாத குழாயும் ஒழுகும்.”

இப்படித்தான் எங்கள் காலைப் பொழுது போகும். அந்த வரிசையில் நின்றால் போதும், எந்த வீட்டில் உலை ஏறவில்லை, எவள் முழுகாமல் இருக்கிறாள், எவன் வேலையை விட்டான் எல்லாம் தண்ணீருக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும். இரண்டு குடம் தண்ணீர் ஏணியில் ஏற்றுவதற்குள் இடுப்பு ஒடிந்துபோகும். ஆனாலும் அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்குப் பொழுது விடிந்ததாகத் தோன்றும்.

தெருக் குழாய் கெட்டுப்போனால் முனிசிபாலிட்டி ஆள் வர ஒரு வாரம் ஆகும். என் வீட்டுக்காரருக்கு அது பொறுக்காது. குழாய் வீணாக ஒழுகும் சத்தத்தைக் கேட்டால் சோறு இறங்காது அவருக்கு. ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய், பட்டறையிலிருந்து புதுக் குழாய் ஒன்றை மாட்டிவிட்டு வந்துவிடுவார். முதலில் எங்கள் சந்தில், பிறகு பக்கத்துச் சந்தில், பிறகு சயான் ரோட்டு வரைக்கும். சட்டப்படி அது குற்றம் என்று ஒரு ஓவர்சீயர் வந்து மிரட்டினார். பெண்கள் குடத்தோடு அவரைச் சூழ்ந்துகொண்டு நின்றார்கள். அந்தச் செய்தி கட்சி ஆபீஸ் இருந்த மாட்டுங்கா வரைக்கும் போய், அங்கிருந்து கட்சிக்காரர்கள் நாலு பேர் வெள்ளை வேட்டியோடு எங்கள் ஏணியில் ஏறி வந்தார்கள், கார்ப்பரேஷன் தேர்தலுக்கு நிற்கச் சொல்லி.

“எனக்குப் பேச வராதுய்யா” என்றார் இவர்.

“நீங்க பேசவே வேண்டாம் சார். கும்பிட்டுண்டு நின்னாப் போறும். பேசறதுக்கு நாங்க இருக்கோம்” என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

கும்பிட்டுக்கொண்டு நின்றார். ஜெயித்துவிட்டார். மாலை போட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது, தீக்காயத் தழும்பு நிறைந்த அந்தக் கைகள் கும்பிட்டபடி இருந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று இப்போது சொன்னால் பொய்.

மறுநாள் காலை குடத்தோடு போனேன். வரிசையில் பதினைந்தாவதாக வைத்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் என் குடம் முதலாவதாக இருந்தது.

“எவ செஞ்ச வேலை இது?” என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் பழைய இடத்தில் வைத்தேன். அது மறுபடியும் முன்னால் போயிற்று. மறுநாள் வேண்டுமென்றே கடைசியாகப் போனேன். தண்ணீர் நிற்கப் போகிற நேரம், ஆனாலும் என் குடம் நிறையும்வரை ஒருத்தியும் தன் குடத்தை வைக்கவில்லை. பின்சந்துக்காரியைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏட்டி, நீயாவது சொல்லப்படாதா?”

“கார்ப்பரேட்டர் வீட்டம்மா லைன்ல நின்னா நல்லாவா இருக்கு?” என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது அது கேலியாக இல்லை.

அதைவிடப் பெரிய கொடுமை பேச்சு. நான் போய் நின்றதும் பேச்சு நின்றுவிடும். யார் வீட்டுப் புருஷன் என்ன செய்தான் என்று என் காதில் விழுந்தால் அது எங்கே போய்ச் சேருமோ என்று பயந்தார்கள் போலிருக்கிறது. எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். அந்தப் புன்னகைக்கு முன்னால் என்னால் நிற்க முடியவில்லை.

பத்து நாளில் முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து, யாரையும் கேட்காமல், எங்கள் பட்டறைக்கு நேராக ஒரு இணைப்பு இழுத்து உள்ளே குழாய் போட்டுவிட்டார்கள். இவர் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். “சாகேப், இது மேலிடத்து உத்தரவு” என்றார்கள். அவர் கொண்டுவர ஆசைப்பட்டது பின்சந்துக்கு ஒரு குழாய், வந்தது எங்கள் வீட்டுக்குள். மாட்டியிருந்தது எங்கள் பட்டறைச் சரக்குதான், எந்த வியாபாரியிடமிருந்து வாங்கினார்களோ. திருகினேன், தண்ணீர் கொட்டியது. உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு வரிசைக்குப் போக எனக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. பிள்ளையும் தனியாக இருக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. பின்சந்துக்காரி முதலில் வாரம் ஒரு முறை வந்தாள், பிறகு எப்போதாவது. பட்டறை முழுக்க மனுக்காரர்கள் நின்றார்கள், அவளுக்கு ஏணிக்கு வழி கிடைக்கவில்லை. அந்த நெரிசலில் ஒருநாள் ஒருவர் உலையில் விழப் பார்த்தார். கட்சிக்காரர்கள் சொல்லிச் செம்பூரில் சுற்றுச்சுவர் வைத்த வீடு ஒன்று வாடகைக்குப் பார்த்தோம். பட்டறையை மேஸ்திரி பொறுப்பில் விட்டுவிட்டுப் போனோம். கார்ப்பரேட்டர் ஆன நாளிலிருந்து முனிசிபாலிட்டி காண்ட்ராக்ட் எடுக்கிற யாருக்கும் குழாய் விற்கக் கூடாது என்று இவர் பிடிவாதம் பிடித்ததால், பட்டறையும் அதற்குள் இளைத்துவிட்டது.

செம்பூரில் அவர் செய்த முதல் காரியம் நம்பர் போட்டதுதான். மிச்சப் பித்தளையில் ரூபாய் அளவுக்குப் பில்லைகள் வார்த்து, ஒன்று முதல் எண்பது வரை அச்சடித்து, வாசலில் ஒரு தொண்டனிடம் கொடுத்தார். வருகிறவர் பில்லையை வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். சேட்டானாலும் சேரிக்காரனானாலும் நம்பர்படிதான். “குழாயடியில படிச்ச பாடம் இது” என்று என்னிடம் சொன்னார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நானும் வாசல்காரனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன், என் பெயரைச் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் நம்பர் இல்லாமல் விடாதே என்று. ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அம்மாவுக்குச் சொந்தம், அம்மா ஊர்க்காரி, அம்மாவைச் சும்மா பார்க்க வந்தேன். உள்ளே விட்டால் இடுப்பிலிருந்து மனு வெளியே வரும்.

அக்கம்பக்கமெல்லாம் ஆபீஸ் உத்தியோகக்காரர்கள் குடும்பம். பக்கத்து வீட்டு மாமி ஒரு வருஷமாக என்னைக் கண்டால் தலையை ஆட்டுவதோடு சரி. ஒருநாள் கிண்ணம் நிறையப் பாயசத்தோடு வந்து உட்கார்ந்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாயசம் பாதி குடித்ததும், “எங்க மாப்பிள்ளையை நாக்பூருக்குத் தூக்கிப் போட்டுட்டா. உங்க ஆத்துக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?” என்றாள். மீதிப் பாயசத்தையும் குடித்தேன். வாசலில் நம்பர் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அதன்பிறகு தலையாட்டலும் நின்றது.

நாலைந்து வருஷத்தில் கட்சி அவரை டெல்லி மேல்சபைக்கு அனுப்பியது. தமிழன் ஒருவன் பம்பாயிலிருந்து போனால் இங்கே இருக்கும் நம் ஜனங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். பேச வராத மனிதரைப் பேசுகிற இடத்துக்கு அனுப்பினார்கள். மாதத்தில் இரண்டு முறை ரயிலில் வருவார். வந்ததும் சட்டையைக் கழற்றும் முன்னே வீட்டில் எந்தக் குழாயாவது ஒழுகுகிறதா என்று பார்ப்பார்.

“அங்க என்ன செய்வீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“உக்காந்திருப்பேன். தமிழ்நாட்டுக்காரங்களுக்கு நான் பம்பாய்க்காரன். பம்பாய்க்காரங்களுக்கு நான் மதராஸி. மத்தியானம் ஒத்தையிலதான் சாப்புடுதேன்.” பிறகு, “எங்க குவார்ட்டர்ஸ்ல பாத்ரூம் குழாய் ஒழுகிச்சு. கழத்தி மாட்டுனேன். அன்னைக்கு நல்லாத் தூங்குனேன்” என்றார்.

நானும் ஒற்றையில்தான் சாப்பிடுகிறேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவருக்குப் பாரம் கூடும் என்று விட்டுவிட்டேன். இரண்டு பேரும் இரண்டு ஊரில் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தோம். நாளெல்லாம் ஆள் வந்து போகிற வீட்டில் என்னைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. யாராவது ஒருத்தி, ஒன்றும் கேட்காமல், என்னை மட்டும் பார்த்துவிட்டுப் போக வரமாட்டாளா என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஜன்னலருகே நின்று அதற்காகவே வரிசையைப் பார்ப்பேன்.

அப்படிப் பார்த்த ஒரு காலையில்தான் பின்சந்துக்காரி நின்றுகொண்டிருந்தாள்.

எப்போதோ பட்டறைக்குப் போனபோது பார்த்தது, அதன்பின் இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை. வரிசையின் கடைசியில், சுவரோரம், கையில் பில்லை, கக்கத்தில் மஞ்சள் பை. புதுச் சேலை கட்டியிருந்தாள். பார்த்ததும் சந்தோஷத்தில் கதவு வரை போய்விட்டேன். அப்போதுதான் அந்தப் பை என் கண்ணில் பட்டது. மனுக்காரர்கள் எல்லோரிடமும் அந்த மாதிரிப் பை உண்டு. ரேஷன் கார்டு, மனு, எல்லாம் அதற்குள் இருக்கும். பின்சந்துக்கு இன்னும் குழாய் வரவில்லை, அதற்காக வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காதவள், காரியம் என்றதும் செம்பூருக்கு வழி தெரிந்துவிட்டதா என்று எனக்குக் கோபம் வந்தது. மற்றவர்கள் மேல் இவ்வளவு கோபம் வந்ததில்லை. அதோடு வரிசையில் அறுபது கண்கள். அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டால், தண்ணீர் வரிசையில் என் குடத்தை முன்னால் தள்ளியவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நம்பர் என்றால் நம்பர்தான், அது அவளுக்கும் தெரியும். இப்படி நியாயம் பேசிக்கொண்டு ஜன்னலருகே நின்றேன். அவள் முறை வரட்டும், அப்புறம் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்து திட்டிக்கொள்ளலாம் என்று அடுப்பில் காப்பிக்குக்கூடத் தண்ணீர் வைத்தேன்.

அவளுக்கு முன்னால் பத்துப் பேர் இருக்கும்போது கட்சி ஆபீசிலிருந்து கார் வந்துவிட்டது. சாயங்கால ரயிலுக்கு முன்னால் மாட்டுங்காவில் கூட்டம். இவர் எழுந்துவிட்டார். மிச்சப் பேர் அடுத்த முறை வரட்டும் என்று தொண்டன் கத்தினான். நான் வாசலுக்கு ஓடி வருவதற்குள் வரிசை கலைந்திருந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடிப் பார்த்தேன். எம்.பி. வீட்டம்மா தெருவில் ஓடுகிறாள் என்று பக்கத்து வீட்டு மாமி கேட் அருகே வந்து நின்றது மட்டும்தான் மிச்சம்.

அடுத்த முறை வருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவளுக்கும் ரோஷம் இருக்காதா, நாமே போவோம் என்று தினமும் நினைப்பேன். ஆனால் நான் தாராவிக்குப் போனால் பத்துப் பேர் கூடவே வருவார்கள், மாலை வரும், ஒலிபெருக்கி வரும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு இரண்டு மாதம் தள்ளினேன்.

பட்டறை மேஸ்திரி ஏதோ கையெழுத்துக்காக வந்தவர், காப்பியைக் குடித்துக்கொண்டே, “பின்சந்துப் பிள்ளை கல்யாணத்துக்கு ஒங்களைத்தான் எல்லாரும் எதிர்பாத்தாவ. வேலை ஜாஸ்தியோ?” என்றார்.

“எந்தப் பிள்ளை? எப்போ?”

“நீங்க வளத்த பிள்ளைதான். போன மாசம். ஒங்களுக்குப் பாக்கு வைக்க அவ செம்பூர் போயிட்டு வந்தாளே.”

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பத்திரிகை மட்டும் போதாது. வீட்டுக்குள் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அந்த வீட்டுப் பெண்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். அதுதான் அழைப்பு. வாசலில் நிற்கிறவனிடம் கொடுத்துவிட்டுப் போனால் அது இரண்டு வீட்டுக்கும் அவமானம். அந்த மஞ்சள் பைக்குள் இருந்தது வெற்றிலை. வந்தாள், நின்றாள், கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கே பட்டுச் சேலை ஒன்று எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், பஸ் ஏறித் தாராவிக்குப் போனேன். பின்சந்தில் அவள் வாசலில் நின்று, “ஏட்டி!” என்று கத்தினேன்.

வெளியே வந்தவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “வாங்கம்மா” என்றாள். அடுத்த வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிவந்து போட்டாள். யாரையோ அனுப்பிக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னாள். தான் தரையில்கூட உட்காரவில்லை, நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அவள் கையால் பழைய சோறு வாங்கித் தின்றவள் நான், பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“வாசல்ல நின்ன பயகிட்ட பாக்கு வைக்க வந்தேன்னு சொல்ல வேண்டியதுதான?” என்றேன்.

“சொன்னேன். எல்லாரும் இப்படித்தான் சொல்லுதாவன்னு நம்பர் குடுத்தான். அவன் மேல தப்பு இல்லம்மா.”

“உள்ள வந்து கத்த வேண்டியதுதானட்டி. ஒனக்கா வாய் இல்ல?”

அவள் கோபமே இல்லாமல், “நீங்க ஜன்னல்ல நின்னிய. நானும் பாத்தேன். கூப்புடுவியன்னு நெனச்சேன்” என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி, பார்க்கவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து அது வரவில்லை. “நீ மனு கொண்டு வந்திருக்கேன்னு நெனச்சுட்டேன்” என்றேன்.

“மனுன்னாலும் கூப்புடக் கூடாதா?” என்றாள்.

  கலரைக் குடித்து முடித்தேன். பிள்ளையை எங்கே கொடுத்திருக்கிறாய் என்று கேட்டேன். உல்லாஸ்நகர் என்றாள். மாப்பிள்ளை அங்கே ஒரு துணிக்கடையில் வேலை.

“விலாசம் குடு. நானே போயிப் பாத்துட்டு, சேலையக் குடுத்துட்டு வாரேன்.”

அவள் நிலைப்படியை விரலால் சுரண்டினாள். “வேண்டாம்மா. தப்பா நெனைக்காதீங்க. புது எடம். நீங்க வந்தா அந்தத் தெரு முழுக்கத் தெரிஞ்சுபோவும். பெறவு ஆளாளுக்கு மனு எழுதிப் புள்ள கையில குடுத்து ஒங்ககிட்டக் குடுக்கச் சொல்லுவாவ. அவ சின்னப் புள்ள. மாமியா வீட்டுல கெடந்து முழிப்பா.”

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. நான் எழுந்து சேலையை நீட்டினேன். எங்கள் கட்சி மேடைகளில் இலவச வேட்டி சேலை வாங்குகிறவர்கள் வாங்குவதுபோல், அவள் குனிந்து, இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டாள்.